பட்டாளத்துக்காரர் கொடுத்த பெண்பிள்ளைக் கதைகள்

தேவதானத்துக்காரர் பாண்டிதுரையை நான் முதன்முதலில் பார்த்தது ராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறையில். என் அண்ணன் பிரேம்குமாருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து அவனைப் பஸ்ஸில் கூட்டிவந்து, மெஷின் ஓடி முடிகிறவரை காத்திருந்து, திரும்பக் கூட்டிப்போவது என் பொறுப்பு. நூல் மில்லில் டெஸ்பாட்ச் பிரிவில் எனக்கு வேலை. அந்த நாட்களில் மட்டும் ஷிப்ட் மாற்றிக் கொடுத்திருந்தார்கள்.

பாண்டிதுரை ஆறடிக்குக் குறையாத ஆள். தலைமுடி இன்னமும் பட்டாளத்து வெட்டுதான். மீசை நரைத்திருந்தது. அவர் ஸ்டூலில் முன்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, கட்டிலில் படுத்திருந்த மனைவியின் முகத்துக்கு நேராக ஒரு புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அட்டையில் முகமெல்லாம் கண்ணாக ஒரு பெண். அவளைச் சுற்றி இளஞ்சிவப்புப் பூக்கள். அந்த அம்மா கண்ணால் ஜாடை காட்டினதும் பக்கத்தைத் திருப்புவார். திருப்புவதும் தலைகீழ் வழக்கம், இடமிருந்து வலமாக. பிறகு புத்தகத்தைப் பழையபடி அசையாமல் பிடித்துக்கொள்வார். துப்பாக்கி பிடித்துப் பழகிய கை. கொஞ்சமும் நடுங்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அவருடைய கதையை அவரே பிற்பாடு, ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் வைத்துத் துண்டு துண்டாகச் சொன்னார். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர். விடுப்பில் ஊருக்கு வந்தபோது பெண் பார்த்துக் கட்டிவைத்தது சிவரஞ்சனியை. அந்த அம்மா ராஜபாளையத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். கல்யாணமான பத்தாம் நாள் அவர் காஷ்மீருக்கு வண்டி ஏறிவிட்டார். அதன்பின் வருசத்துக்கு இரண்டு தடவை வருவார், போவார். பிள்ளை தங்கவில்லை.

அப்படி ஒரு விடுப்பில், பீரோவில் சேலைகளுக்கு அடியில், நியூஸ் பேப்பர் அட்டை போட்ட புத்தகங்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்திருக்கிறார். எடுத்துப் பிரித்தால் எல்லாம் படம். ஜப்பானில் வயசுக்கு வந்த பெண்பிள்ளைகள் படிப்பதற்கென்றே வரைகிற சித்திரக் கதைகள். ஷோஜோ மாங்கா என்று பெயர். அவற்றின் இங்கிலீஷ் பதிப்புகளைச் சிவரஞ்சனி கல்லூரிக் காலத்திலிருந்தே வாங்கிச் சேர்த்திருந்தார். அன்று வீட்டுக்குக் கூட்டாளிகள் வந்திருந்தார்கள். பாண்டிதுரை ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, டீச்சர் இன்னமும் பொம்மைப் படம்தான் பார்க்கிறாள் என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சிவரஞ்சனியும் சிரித்துக்கொண்டே காபி கொண்டுவந்து வைத்தார்.

“அதுக்குப் பொறவு நான் இருக்கயில அவ ஒரு புத்தகத்தத் தொட்டு நான் பாக்கல தம்பி. கோவிச்சிருந்தாலாச்சும் தெரிஞ்சிருக்கும். கோவிக்கவும் இல்ல” என்றார்.

சிவரஞ்சனிக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்ற சேதி வந்தபோது அவர் வடகிழக்கில் இருந்தார். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துவிடலாம், முடிந்தது விஷயம் என்றுதான் ரயில் ஏறினாராம். மதுரையில் சோதித்துப் பார்த்ததில் அவருக்கே சர்க்கரை இருப்பது தெரிந்தது. அது அவர் சிறுநீரகத்தையும் தொட ஆரம்பித்திருந்தது. கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சிவரஞ்சனியின் தம்பி தருவதாகச் சொன்னான். அவன் மாமியார் வீட்டில் விடவில்லை. பாண்டிதுரை அதற்காக யாரையும் குறை சொன்னதில்லை. “எல்லையில நின்னவனுக்கு ஒடம்பு நல்லாத்தேன் இருக்கும்னு நானா நெனச்சிக்கிட்டேன்” என்பார்.

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகுதான் புத்தகங்கள் மறுபடி வெளியே வந்தன. சிவரஞ்சனிக்கு இடது கையில் ஊசிகள். அசைக்கக் கூடாது. வலது கையில் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக முதலில் செய்த ஆபரேஷன் சரியாக அமையாமல் விரல்களில் பிடிமானமே இல்லாமல் போயிருந்தது. மெஷினோடு கிடக்கிற நேரம் நகரவே நகராது. குடிக்கிற தண்ணீரும் அளவுதான். நாக்கு வறண்டு கிடக்கும். ஒரு நாள் அந்த அம்மா தயங்கித் தயங்கி, பீரோவில் இருப்பதில் ஒன்றைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். பாண்டிதுரை கொண்டுவந்து முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

சும்மா பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பதில் தானும் படிக்கலாமே என்று அவருக்கே தோன்றிற்று. எதிரே இருந்து பிடித்ததில் புரட்டுகிற திசை அவருக்குப் புலப்பட்டிருக்கவில்லை. வீட்டில் ஒன்றை எடுத்து நம் வழக்கப்படி இடப்பக்கத்திலிருந்து புரட்டினார். முதல் பக்கத்திலேயே பையனும் பெண்ணும் கடற்கரையில் கைகோர்த்து நின்றார்கள். அதான் சேர்ந்துவிட்டார்களே, இன்னும் படிக்க என்ன இருக்கிறது என்று அடுத்த டயாலிசிஸில் மனைவியிடம் கேட்டார். அது வலப்பக்கத்திலிருந்து படிக்கிற புத்தகம், நீங்கள் முடிவைப் படித்திருக்கிறீர்கள் என்று சொல்லிச் சிவரஞ்சனி சிரித்த சிரிப்பில் ஊசிக் கை அசைந்து, மெஷின் அலாரம் அடித்து நர்ஸ் தங்கபாய் ஓடிவந்தாராம்.

அதன்பின் அந்த அம்மா அவருக்குப் பாடம் எடுக்காத குறைதான். எந்தக் கட்டத்துக்குப் பின் எந்தக் கட்டம், பூ ஏன் வரைந்திருக்கிறது, ஒரு பார்வைக்கு ஏன் ஒரு பக்கம் முழுவதையும் கொடுக்கிறார்கள் என்றெல்லாம். அதில் ஒன்று அவரை ரொம்பவே பிடித்துக்கொண்டது. வாயால் பேசுவதெல்லாம் முகத்தருகே வரைந்த குமிழுக்குள் இருக்கும். மனசுக்குள் நினைத்துச் சொல்லாமல் விட்டது குமிழ் இல்லாமல் படத்தின்மேல் சின்ன எழுத்தில் மிதக்கும்.

“அம்புட்டு வருசம் போன்ல பேசியிருக்கேன். சாப்பிட்டியா, மழ பெஞ்சுச்சா, அம்மா எப்படி இருக்கா. எல்லாம் குமிழுக்குள்ள உள்ளதுதான்” என்றார் என்னிடம்.

சிவரஞ்சனி அவருக்கென்று முதலில் எடுத்துக் கொடுத்தது ஒரு தீவுக் கதை. படகுக்காரன் மகன் வாயே திறக்க மாட்டான். பட்டணத்திலிருந்து வந்த பெண் தினமும் அந்தப் படகில் பள்ளிக்கூடம் போவாள். அவள் உட்காரும் பலகையை மட்டும் அவன் தினமும் துடைத்துக் காயவைத்திருப்பான். அது அவளுக்குத் தெரியவே நாலு புத்தகம் ஆகும். ஏன் எனக்கு இதைக் கொடுத்தாய் என்று பாண்டிதுரை கேட்டதற்கு, “பேசத் தெரியாத ஆம்பளைக்கு மொதல்ல இதத்தான் குடுக்கணும். பொம்பளைக்கு இது தேவையில்ல, அவளுக்கு ஏற்கெனவே தெரியும்” என்று பதில் வந்தது.

நான் அந்த அறைக்குப் போக ஆரம்பித்துச் சில மாதத்தில் அவர் சத்தமாகவே படித்துச் சொல்கிற நிலைக்கு வந்திருந்தார். மனைவிக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. இங்கிலீஷைப் பார்த்து எங்கள் பக்கத்துத் தமிழில் சொல்லுவார். ஜப்பான் பெண் தன் கூட்டாளியிடம், “ஏட்டி, அவன் வருதான், நீ செத்த நேரம் அந்தப் பக்கம் போ” என்பாள்.

பக்கத்துக் கட்டிலில் சௌந்தரபாண்டியன். ராஜபாளையத்தில் நூல் வியாபாரம். கடையில் அவர் குரல் தெருமுனைவரை கேட்குமாம். ஆரம்பத்தில் அவர், ஆம்பளை ஆள் படிக்கிற கதையா இது என்று தன் மனைவி பரிபூரணத்திடம் எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பாண்டிதுரை பாதியில் நிறுத்திவிட்டு டீ குடிக்க எழுந்தபோது, போர்வைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

“அந்தப் பிள்ள அவன்கிட்டச் சொல்லிட்டாளா இல்லையா? அதச் சொல்லிட்டுப் போங்க.”

சிவரஞ்சனிக்கு அன்று முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து யாருக்கு எந்தக் கதை என்று யோசிப்பதே அந்த அம்மாவுக்கு வேலையானது. பரிபூரணத்திடம் பேச்சுக் கொடுத்து, சௌந்தரபாண்டியனின் இரண்டு மகள்களும் அப்பாவோடு சரியாகப் பேசுவதில்லை என்று தெரிந்துகொண்டார். அவருக்கு ஒரு நூடுல்ஸ் கடைக்காரர் கதை. பெண்டாட்டி செத்துப்போன முரட்டு மனிதர், திருவிழாவுக்கு மகளுக்குத் தலை பின்னிவிட வேண்டும் என்று கடையை மூடிவிட்டு வைக்கோல் கயிற்றில் பின்னிப் பழகுவார். மகளின் காதல்தான் கதை. ஆனால் சிவரஞ்சனி, அந்தப் பையன் வருகிற இடங்களை வேகமாகச் சொல்லிவிட்டு, அப்பா வருகிற இடங்களை நிறுத்திப் படிக்கும்படி கணவரிடம் சொல்லிவைத்திருந்தார். சௌந்தரபாண்டியன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கிடந்தார். அடுத்த வாரம் அவரைக் கூட்டிப்போக மூத்த மகள் வந்திருந்தாள். கதைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது.

எங்களுக்கும் ஒன்று வந்தது. நானும் அண்ணனும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்துபோவதைச் சிவரஞ்சனி கவனித்திருக்கிறார். ஒரே அறையில் படுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும் அக்கா தங்கை கதை அது. பாண்டிதுரை என் கையில் கொடுத்து, “நீங்க ரெண்டு பேரும் பொம்பளைப் பிள்ளைகளாப் பெறந்திருந்தா எப்படி இருப்பீகன்னு நெனச்சிக்கிட்டுப் படிக்கச் சொன்னா” என்றார். நான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். படிக்கவில்லை.

மாம்பழக் காலம் வந்தது. டயாலிசிஸ்காரர்களுக்கு மாம்பழம் ஆகாது. அதில் இருக்கும் பொட்டாசியம் என்கிற உப்பு ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுபோகும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். தேவதானத்தில் பாண்டிதுரையின் தம்பி தோப்பிலிருந்து சப்பட்டை மாம்பழம் ஒரு கூடை வந்திறங்கியது. அவர் கூடையை வீட்டுக்குள் கொண்டுவராமல் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் போனார். வாசனை உள்ளே போய்விட்டது. சிவரஞ்சனி அவரைக் கூப்பிட்டு, சும்மா மோந்து பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்றார். மோந்து பார்த்தார். பிறகு ஒரு துண்டு மட்டும் என்றார். இத்தனை வருசத்தில் அந்த அம்மா அவரிடம் இன்னது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது புத்தகமும் இதுவும்தான். பாண்டிதுரை விரல் அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்து மனைவி வாயில் வைத்தார். சிவரஞ்சனி கண்ணை மூடி ரொம்ப நேரம் சப்பிக்கொண்டே இருந்தார்.

அந்த வாரத்திலேயே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய ஒரு காலையில், பாண்டிதுரை குளிக்க வெந்நீர் விளாவிவிட்டு வந்து எழுப்பினார். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

எங்கள் அறையில் அன்று அந்தக் கட்டில் காலியாக இருந்தது. தங்கபாய் சிஸ்டர் வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு மெஷின்களைச் சரிபார்க்கப் போனார். சௌந்தரபாண்டியன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

நானும் தேவதானத்துக்குத் துக்கம் கேட்கப் போனேன். பாண்டிதுரை என்னைத் தோப்புப் பக்கம் தனியாகக் கூட்டிப்போனார். டாக்டரிடம் கேட்டாராம். இதயம் ஏற்கெனவே பலவீனம், அந்த ஒரு துண்டால் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். தங்கபாயிடமும் கேட்டாராம். அவரும் அதையேதான் சொன்னாராம்.

“ஒரு துண்டுதான் தம்பி. ஒங்க அண்ணனுக்கு எப்பவாச்சும் நீங்க குடுத்திருக்கீகளா?”

கொடுத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்றேன். அது பொய். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுப் பேசினார்.

கொஞ்ச காலம் அவர் ராஜபாளையம் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் கையில் துணிப்பையோடு டயாலிசிஸ் அறை வாசலில் நின்றார். உள்ளே வர அனுமதி உண்டா என்று தங்கபாயிடம் கேட்டார். உட்காரச் சொன்னதும், நூடுல்ஸ் கடைக்காரர் கதையை விட்ட இடத்திலிருந்து சௌந்தரபாண்டியனுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அப்படியே வாரம் ஒரு நாள் வரத் தொடங்கினார். வெளியே காத்திருக்கும் ஆண்களோடு உட்காருவார். பெண்டாட்டியைக் கூட்டிவந்தவர்கள், அம்மாவைக் கூட்டிவந்தவர்கள். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் பேச்சுக் கொடுத்து, பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவார். சிலர் அட்டையைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சிலர் அட்டையை உள்பக்கமாக மடித்து வைத்துக்கொண்டு படிப்பார்கள்.

அப்போதுதான் பாண்டிச்செல்வம் வந்தான். சோழபுரத்துப் பையன், பாலிடெக்னிக் படித்தவன். கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. மனைவி மாரீஸ்வரிக்குக் கர்ப்பத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி, பிள்ளையும் போய், சிறுநீரகமும் போய்விட்டது. அவன் உள்ளேயே வரமாட்டான். அவளைத் தன் மாமியார் சுந்தரம்மாளிடம் விட்டுவிட்டு வாசல் மரத்தடியில் நிற்பான். பாண்டிதுரை அவனுக்கு வெகுநேரம் யோசித்து ஒரு கதையைக் கொடுத்தார். விபத்தில் கால் போன பெண்ணைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருகிற பையன் பயந்து ஓடிப்போவான். ஊர் ஊராகச் சுற்றுவான். கடைசியில் திரும்பி வருவான்.

பாண்டிச்செல்வம் அதைப் படித்தானா என்று தெரியாது. அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மாரீஸ்வரியை அம்மா வீட்டோடு விட்டுவிட்டான் என்று சுந்தரம்மாள் சொல்லி அழுதார். பாண்டிதுரை சோழபுரத்துக்கே போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன். வீட்டு வாசலில் வைத்தே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

“என்னை ஓடிப்போனவன்னு சொல்லத்தானே இதக் குடுத்தீக? அப்ப நான் ஓடவே இல்லையே. மரத்தடியிலதானே நின்னேன்” என்றான்.

பாண்டிதுரை புத்தகத்தை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பஸ் வருகிறவரை அட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“தப்பான புத்தகத்தக் குடுத்துட்டேன் தம்பி. அவ இருந்தா இதக் குடுத்திருக்க மாட்டா. சிரிப்பா எதாச்சும் குடுத்து அவன மொதல்ல ரூம்புக்குள்ள கூட்டியாந்திருப்பா. எனக்கு ஆளப் பாக்கத் தெரியல, கதையத்தேன் பாத்தேன்.”

எந்தப் புத்தகம் கொடுத்திருந்தாலும் அவன் போயிருப்பான் என்று சொன்னேன். இருக்கலாம் என்றார். ஆனால் அன்றோடு ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்திவிட்டார். மாரீஸ்வரியும் பிழைக்கவில்லை. அந்த வருசக் கார்த்திகையில் போய்ச் சேர்ந்தாள். சேதியை நான்தான் போனில் சொன்னேன். அந்தப் பையன் வந்தானா என்று கேட்டார். கொள்ளி வைக்க வந்தான் என்றேன்.

இதற்கிடையில் என் வீட்டில் ஒன்று நடந்திருந்தது. அக்கா தங்கை கதையை என் பையிலிருந்து அண்ணன் எடுத்துப் படித்திருக்கிறான். ஒரு நாள் பஸ்ஸில், ராஜபாளையத்துக்குள் நுழைகிற இடத்தில் யாரோ பெட்டியோடு ஏறி இடித்துக்கொண்டு நிற்கையில், என்னைப் பார்க்காமலே சொன்னான்: “அந்த அக்காகாரி மாதிரித்தான் எனக்கும். ஒனக்குக் கல்யாணம் நடக்காம நான் பிடிச்சிக்கிட்டுக் கிடக்கேன்னு இருக்கு.” நானும் அன்றுதான் அந்தப் புத்தகத்தைப் படித்தேன்.

அண்ணன்தான் தேவதானத்துக்குப் போக வேண்டும் என்றான். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துக் கூட்டிப்போனேன். பாண்டிதுரை மெலிந்திருந்தார். அவரையும் இப்போது டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். புத்தகங்கள் கூடத்திலேயே அலமாரியில் இருந்தன. நியூஸ் பேப்பர் அட்டைகளை எடுத்துவிட்டிருந்தார். எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டதாகச் சொன்னார். ஒவ்வொன்றிலும் சில பக்க ஓரங்களில் மனைவியின் விரல் பட்டு மங்கிய இடம் இருக்கும், அங்கே வந்ததும் அவளுக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்வாராம்.

மேசையில் புதிதாக ஒன்று இருந்தது. அவர் முதன்முதலாகத் தானே வாங்கியது. அந்த அம்மா போன பிறகு வெளிவந்த கதை.

“இது அவ படிக்காதது. நானும் படிச்சிட்டேன். நல்லாருக்கா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியல. கேக்க ஆளில்ல. நீங்க படிச்சிட்டுச் சொல்லுங்க” என்று அண்ணனிடம் கொடுத்தார்.

அண்ணன் அடுத்தடுத்த டயாலிசிஸில் அதைப் படித்தான். நான்தான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன். முடித்ததும் அங்கிருந்தே அவருக்குப் போன் போடச் சொன்னான். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணாச்சி, எனக்குப் பிடிக்கல. எல்லாரும் எல்லாத்தையும் வாயத் தெறந்து சொல்லிட்டே இருக்காவ” என்றான்.

அந்தப் பக்கம் பாண்டிதுரை சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது. திரும்பப் பேசியபோது குரல் தேறியிருந்தது.

“அவளுக்கும் பிடிச்சிருக்காது” என்றார்.